யார் அடித்த முட்டை?

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்முறை தவறாமல் தலைகாட்டும். ஒரு குவார்ட் கிரீம், ஒரு குவார்ட் பால், பன்னிரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு பைன்ட் பிராந்தி, அரை பைன்ட் ரை விஸ்கி, அரை பைன்ட் ஜமைக்கா ரம், கால் பைன்ட் ஷெர்ரி. குவார்ட் என்பது சுமார் 950 மில்லி, பைன்ட் அதில் பாதி. முட்டையை உடைத்து மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியாக அடித்துச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் சில நாள் வைத்திருந்து அவ்வப்போது ருசி பார்க்க வேண்டும். இதற்குத் தலைப்பு, ஜார்ஜ் வாஷிங்டனின் எக்நாக்.

எக்நாக் என்பது பால், கிரீம், முட்டை, சர்க்கரை, சாராய வகை ஒன்றோ இரண்டோ சேர்த்து, மேலே ஜாதிக்காய் துருவிப் போட்டுக் குடிக்கும் கெட்டியான பானம். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வீடு செய்வார்கள். நம் நாக்குக்குப் புரியும்படி சொன்னால், ஆறிப்போன பால் பாயசத்தில் முட்டையையும் ரம்மையும் கலந்தது மாதிரி. நான் முதலில் குடித்தது கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிச் சரக்கு. இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. வீட்டில் அடித்துச் செய்ததைக் குடித்தபோதுதான் அந்த நுரையின் அருமை தெரிந்தது.

வாஷிங்டன் பெயரில் சுற்றிவரும் இந்தச் செய்முறைக்கு ஆதாரம் கிடையாது. அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணை வீட்டைப் பராமரிக்கிறவர்களே தங்கள் ஆவணங்களில் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே வீட்டிலிருந்து ஒரு கையெழுத்துச் சமையல் ஏடு தப்பிப் பிழைத்திருக்கிறது. அது மார்த்தா வாஷிங்டனுடையது. அவருடைய முதல் கணவரின் குடும்பத்து வழியாக வந்த பழைய ஏடு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள் கொண்டது. 1799-இல் அதைத் தன் பேத்தி நெல்லியிடம் கொடுத்தார். எக்நாக்கின் மூதாதையான ‘பாசெட்’ அதில் இருக்கிறது. இருக்கிற ஏடு மனைவியுடையது, ஊர் நம்புகிற செய்முறை கணவனுடையது.

ஆனால் மார்த்தாவின் பெயரைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் திருப்தியாகப் போய்விட முடியாது. அந்த வீட்டில் முட்டையை அடித்தது யார்? மார்த்தா 1759-இல் வாஷிங்டனை மணந்து வந்தபோது தன்னுடன் கொண்டுவந்த அடிமைகளில் டால் என்ற சமையல்காரி ஒருத்தி. பிற்காலத்தில் அந்தச் சமையலறையை நடத்தியவர்களில் டாலின் மகள் லூசியும் உண்டு. 1799-இல் எடுத்த கணக்குப்படி மவுண்ட் வெர்னானில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 317 பேர். டால், லூசி என்கிற பெயர்கள் நமக்குத் தெரிவதே அந்தச் சொத்துக் கணக்கின் மூலமாகத்தான். சமையல் குறிப்பில் அவர்கள் இல்லை, பட்டியலில் இருக்கிறார்கள்.

இந்தப் பானத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது நான் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான். கதை எப்போதும் ஓர் ஆணின் பெயரில் இருக்கும். கொஞ்சம் சுரண்டினால் கீழே ஒரு பெண் இருப்பாள். இன்னும் சுரண்டினால் அவளுக்குக் கீழே, பெயரே இல்லாத இன்னொருத்தி முட்டையை அடித்துக்கொண்டிருப்பாள்.

எக்நாக் என்ற சொல் அமெரிக்காவில் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதன் வேர் இங்கிலாந்தில். அங்கே அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இரண்டு பானங்கள் இருந்தன. ஒன்று பாசெட். சூடான பாலில் ஒயினையோ ஏல் என்கிற பார்லிக் கள்ளையோ ஊற்றித் திரியவிட்டு, சர்க்கரையும் வாசனைப் பொருளும் சேர்ப்பார்கள். வசதியுள்ள வீடுகளில் முட்டையும் சேரும். பாசெட்டுக்கென்றே மூக்கு வைத்த, இரண்டு பிடி உள்ள பானை உண்டு. மேலே நுரை, நடுவில் குழைவான திரட்டு, அடியில் மதுநீர் என்று மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே இருப்பதைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு அடியில் இருப்பதை மூக்கு வழியாக உறிஞ்சுவார்கள். கல்லூரியில் மாக்பெத் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அரசனின் காவலர்களை மயங்க வைக்க லேடி மாக்பெத் மருந்து கலப்பது அவர்களுடைய பாசெட்டில்தான். கலக்குகிற கை பெண்ணுடையது என்பதால் அந்தக் கையைப் பற்றிய பயமும் கூடவே இருந்திருக்கிறது.

இன்னொன்று காடில். ஓட்ஸ் கஞ்சியையோ ஏலையோ ஒயினையோ சூடாக்கி, முட்டை மஞ்சளால் கெட்டிப்படுத்தி, சர்க்கரையும் மசாலாவும் போட்ட பானம். நோயாளிகளுக்கும் கொடுப்பார்கள். ஆனால் அதற்கென்று சொந்தமான இடம் பிள்ளைப்பேற்று அறை. 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் மருத்துவச்சியோடு அக்கம்பக்கத்துப் பெண்களும் உறவுக்காரப் பெண்களும் கூடுவார்கள். சன்னலை மூடுவார்கள், சாவித் துவாரத்தைக்கூட அடைப்பார்கள். ஆண்களுக்கு உள்ளே வேலை இல்லை. அறையின் கணப்பில் காடில் கொதிக்கும். பெற்றவளும் குடிப்பாள், கூட இருப்பவர்களும் குடிப்பார்கள். சுமார் ஒரு மாதம் அவள் அந்த அறையில் இருப்பாள். வீட்டு வேலை இல்லை, கணவனோடு படுக்கை இல்லை. மாத முடிவில் தேவாலயத்துக்குப் போய் ஒரு சடங்கு முடித்தால்தான் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவாள். பார்க்க வருகிறவர்களுக்குக் காடில் கொடுப்பது மரபாகி, அதற்கென்று மூடி போட்ட வெள்ளிக் கோப்பைகள் பரிசுப் பொருளாயின. 18-ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் இளவரசர் பிறந்தாலும் பார்க்க வந்தவர்களுக்குக் கேக்கும் காடிலும்தான்.

அந்த அறையில் கூடிய பெண்களுக்கு ஆங்கிலத்தில் ‘காசிப்’ என்று பெயர். ஞானத்தாய், ஞானத்தகப்பன் உறவைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. பிறகு பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வருகிற பெண்களைக் குறித்தது. அதற்கும் பிறகு அவர்கள் பேசுகிற பேச்சைக் குறித்து, கடைசியில் வம்பு என்றாகிவிட்டது. ஆண்கள் இல்லாத அறையில் கையில் சூடான பானத்தோடு பெண்கள் உட்கார்ந்து பேசினால் அதற்கு மொழி கொடுத்த பெயர் வம்பு. நம் மொழியும் இதில் சளைத்ததில்லை. திண்ணையில் ஆண்கள் பேசினால் ஊர் விவகாரம், கிணற்றடியில் பெண்கள் பேசினால் வம்பளப்பு.

அந்த ஒரு மாத ஒதுக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் பெண்ணிய வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீட்டு என்று ஒதுக்கிவைத்த அடக்குமுறை என்பவர்கள் உண்டு. கணவனின் வீட்டுக்குள்ளேயே பெண்கள் பிடித்துவைத்திருந்த ஓய்வு, உரிமை என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டையும் விட மனமில்லை. பிள்ளை பெற்றவளைத் தனி அறையில் வைத்துப் பத்தியம் போடும் நம் வீடுகளில் வளர்ந்த எவளுக்கும், ஒதுக்குவதும் பராமரிப்பதும் ஒரே கதவு வழியாக வரும் என்று தெரியும்.

முட்டையும் அப்படித்தான் வந்தது எனக்கு. பதின்மூன்று வயதில் நான் பெரியவளானபோது ஏழு நாள் காலையில் பச்சை முட்டை. பாட்டி முட்டையின் ஒரு முனையைத் தட்டி உடைத்து நேராக வாயில் கவிழ்ப்பார். பிறகு அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். “மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்கிடு கண்ணு, இடுப்பு எலும்புக்கு நல்லது” என்பார். தமிழ்நாட்டில் என் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இந்த வழவழப்பு நினைவிருக்கும். அந்த இடுப்பு யாருக்காகப் பலப்படுகிறது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. என் யாழ்ப்பாணத்துத் தோழி இதைக் கேட்டுச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் முட்டைக் கோப்பி. முட்டை மஞ்சளைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கும் கோப்பியை மெல்ல ஊற்றி, ஒரு மூடி பிராந்தியும் விடுவார்களாம். உடம்பு தேறாதவர்களுக்கு அவளுடைய அம்மம்மா அதைத்தான் கொடுப்பாராம். “எங்கட அம்மம்மா முட்டை அடிக்கிற சத்தத்தில தான் நாங்கள் விடியக்காலமை எழும்புறது” என்றாள். காடிலுக்கும் அதற்கும் நேரடி உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. தளர்ந்த உடம்புக்கு முட்டை, இனிப்பு, சூடு, கொஞ்சம் மது என்ற கணக்கை எத்தனை ஊர்ப் பெண்கள் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாசெட்டுக்குத் திரும்புகிறேன். 1747-இல் லண்டனில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. சமையற் கலையை எளிமையாகவும் தெளிவாகவும் சொல்லித்தருவதாகத் தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை, ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ஹன்னா கிளாஸ். வேலைக்காரப் பெண்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், எஜமானிகள் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியிருக்கக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். அதில் பாசெட்டுக்கு ஒரு செய்முறை. பதினைந்து முட்டை, முக்கால் பவுண்டு சர்க்கரை, ஒரு பைன்ட் கேனரி ஒயின். முட்டையையும் ஒயினையும் கலந்து தணலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். ஜாதிக்காய் போட்டுக் கொதித்த பாலைக் கையை உயரத் தூக்கி மேலிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றுகிற நேரம் முழுக்க யாராவது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ‘யாராவது’ என்ற இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். பால் ஊற்றுகிறவளுக்காவது வாசகி என்ற இடம் இருக்கிறது, நூல் அவளிடம்தான் பேசுகிறது. கிளறுகிறவள் வெறும் யாரோ. கொதிக்கும் பால் முட்டையில் ஒரே இடத்தில் விழுந்தால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். ஆகவே பாசெட் பாசெட்டாக வருவது முழுக்க அந்த யாரோ ஒருத்தியின் மணிக்கட்டில் இருக்கிறது.

கிளாஸின் கதையும் மகிழ்ச்சியானதல்ல. நூல் நன்றாக விற்றது. ஆனாலும் 1754-இல் அவர் திவாலாகி, நூலின் உரிமையை விற்க நேர்ந்தது. பிறகு கடனுக்காகச் சிறையும் போனார். அவர் நூலில் பல குறிப்புகள் பிறருடைய நூல்களிலிருந்து எடுத்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். 1778-இல் ஒரு விருந்து மேசையில் இந்த நூல் பற்றிப் பேச்சு வந்தது. அதை எழுதியது ஜான் ஹில் என்ற ஆண் மருத்துவர் என்று வதந்தி உலவியது. அதைச் சாமுவேல் ஜான்சன் நம்பவில்லை. நூலில் இருக்கும் பிழை ஒன்றைக் காட்டி, ஹில் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்றார். கூடவே, பெண்களுக்கு நூல் நூற்க வரும், நல்ல சமையல் நூல் எழுத வராது, நான் எழுதினால் இதைவிடச் சிறப்பாக எழுதுவேன் என்கிற பொருளில் பேசினார். அவர் எழுதவில்லை. கிளாஸ்தான் ஆசிரியர் என்பதை 1938-இல் மேடலின் ஹோப் டாட்ஸ் என்ற வரலாற்றாளர் உறுதிசெய்தார். அவரும் ஒரு பெண்தான்.

இங்கிலாந்துக்கு வெளியே, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவில் இதே பானத்துக்கு இன்னொரு வீடு கிடைத்தது, கன்னிமாடம். அங்கே இதற்கு ரோம்போப்பே என்று பெயர். பாலை இலவங்கப்பட்டையோடு சுண்டக் காய்ச்சி, முட்டை மஞ்சள் மட்டும் நிறையச் சேர்த்து, ஆறியபின் ரம் விடுவார்கள். வெனிலா சேர்ப்பார்கள், சிலர் பாதாமும் அரைத்து விடுவார்கள். வெள்ளை சேர்வதில்லை என்பதால் நுரை கிடையாது. மஞ்சள் வெயில் போன்ற நிறம், பட்டுப் போன்ற குழைவு. புவேப்லா நகரின் சாந்தா கிளாரா கன்னிமாடத்தில் 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தது என்று அங்கே சொல்கிறார்கள். எதுவிஹெஸ் என்ற சகோதரி அதன் இரகசியத்தைக் காத்தார், கன்னியாஸ்திரீகளும் ஒரு வாய் குடிக்க அனுமதி வாங்கித் தந்தார் என்று கதை. கதைதான். ஆனால் செய்தவர்களுக்கே குடிக்க அனுமதி தேவைப்பட்டது என்ற பகுதியை நான் எளிதில் நம்புவேன். இன்று கடையில் விற்கும் ரோம்போப்பே புட்டிகளில் கன்னியாஸ்திரீ படம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

கன்னிமாடத்துச் சமையலறையைச் சிந்திக்கிற இடமாகப் பார்த்தவர் ஒருவர் அதே காலத்தில் மெக்சிகோ நகரில் இருந்தார், கவிஞர் சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ். பெண்துறவி இவ்வளவு படிப்பதும் எழுதுவதும் தகாது என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் புவேப்லாவின் ஆயர். ஆனால் கையெழுத்து ‘சகோதரி ஃபிலோத்தேயா’ என்று ஒரு பெண் பெயரில். 1691-இல் ஹுவானா எழுதிய பதிலில் முட்டை வருகிறது. நெய்யிலோ எண்ணெயிலோ முட்டை கூடிக்கொள்கிறது, சர்க்கரைப் பாகில் சிதறிவிடுகிறது. ஒரே முட்டையின் மஞ்சளும் வெள்ளையும் சர்க்கரையோடு தனித்தனியே சேரும், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் சேராது. இவற்றையெல்லாம் கவனித்துச் சொல்லிவிட்டு, அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்று கிண்டல் செய்கிறார். புத்தகத்தைப் பறித்தாலும் என் முன்னால் முட்டை இருக்கிறதே என்கிற தோரணை. எனக்குப் பிடித்த இடம் அது.

ஆனால் அங்கேயும் சுரண்ட வேண்டியிருக்கிறது. அக்காலத்து மெக்சிகோவின் பெரிய கன்னிமாடங்களில் வேலைக்காரிகளும் அடிமைகளும் இருந்தார்கள். ஹுவானாவுக்கே தாய் கொடுத்த அடிமைப் பெண் ஒருத்தி இருந்தாள். பிறகு அவளைத் தன் சகோதரிக்கு விற்றார். பாகில் முட்டை சிதறுவதைக் கவனிக்க ஹுவானாவுக்கு ஓய்வு கிடைத்தது. மற்ற வேலையை யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டாள்.

ஐரோப்பாவில் பாலும் முட்டையும் ஷெர்ரியும் ஒன்றாகக் கிடைப்பது வசதியானவர்களுக்கு. அமெரிக்கக் குடியேற்றங்களில் மாடும் கோழியும் பண்ணைக்குப் பண்ணை இருந்தன. மது மட்டும்தான் கேள்வி. அதற்குக் கரீபியத் தீவுகளிலிருந்து ரம் வந்தது, ஒயினைவிட மலிவாக. மலிவு எங்கிருந்து வந்தது? கரும்புத் தோட்டத்து அடிமை உழைப்பிலிருந்து. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஜமைக்காவின் தோட்டங்களில் குழி வெட்டி, கரும்பு அறுத்து, கட்டுத் தூக்கிய வயல் கும்பல்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். எக்நாக் ‘சாதாரண அமெரிக்கர்களின்’ பானமானது இப்படித்தான். சமையலறையில் அடிக்கிற கையைப் போலவே சர்க்கரைக்கும் ரம்முக்கும் பின்னாலும் பெண்களின் கைகள்.

தென்மாநிலங்களின் பெரிய வீடுகளில் கிறிஸ்துமஸ் எக்நாக் என்பது விருந்தோம்பலின் அடையாளம். செய்முறையை எஜமானி சொல்வாள், அடிப்பது அடிமைப் பெண். அந்தச் சமையலறைகளில் கற்ற கறுப்பினப் பெண்கள் தங்கள் பெயரில் நூல் கொண்டுவர நெடுங்காலம் ஆயிற்று. இப்போது நமக்குத் தெரிந்தவரை முதலாவது மாலிண்டா ரஸ்ஸல் 1866-இல் மிச்சிகனில் வெளியிட்டது. அடிமைத்தனத்தில் பிறக்காத, தனியாக மகனை வளர்த்த பெண் அவர். இன்னொருவர் ஆபி ஃபிஷர். தென் கரோலினாவில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1881-இல் அவர் வாயால் சொல்லச்சொல்ல மற்றவர்கள் எழுதி நூலாக்கினார்கள். அதை அச்சிட்டது பெண்கள் கூட்டுறவு அச்சகம் ஒன்று. இந்தத் தொகுப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அந்த அச்சகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எக்நாக் என்று தேடினால் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். முதலில் வருவது ‘எக்நாக் கலவரம்’. 1826 கிறிஸ்துமஸ் இரவில் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மது தடை. மாணவர்கள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து விஸ்கி கடத்திவந்து எக்நாக் செய்து குடித்து, சன்னலை உடைத்து, வாளை உருவி, அதிகாரிகளைத் துரத்தினார்கள். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இருபது பேர் அளவில். பிற்காலத்தில் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸும் அன்றைய களேபரத்தில் இருந்தார். நல்ல கதைதான், சிரித்துக்கொண்டே படித்தேன். ஒரு பானத்தை ஆண்கள் ஒரே ஒருநாள் தாங்களே கலக்கினார்கள், அது வரலாறாகிவிட்டது.

கலக்குவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, ஒரு டஜன் முட்டையின் வெள்ளையை முள்கரண்டியால் அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முன்கை கடுத்தது. அரை மணிக்குப் பிறகும் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நின்றது. பழைய நூல்கள் சர்வசாதாரணமாக அரை மணி, ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கின்றன. கருவி, பிர்ச் மரத்துச் சிறு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. அமெரிக்காவில் கைப்பிடியைச் சுற்றினால் சுழலும் முட்டை அடிப்பானுக்கு முதல் காப்புரிமை 1856-இல். 1870-க்குப் பிறகு ‘டோவர்’ வகை வந்து வீடுதோறும் பரவியது. வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வீட்டு உழைப்பின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளிவந்த தன் நூலில் காட்டுவது வேறு. அடிப்பான் வந்ததும் வெள்ளைக்கருவை மலைபோல் நுரைக்க அடித்துச் செய்யும் கேக்குகள் நாகரிகமாயின. மிச்சமாக வேண்டிய நேரத்தைப் புதிய எதிர்பார்ப்பு விழுங்கியது. மிக்சி வந்தபிறகு நம் வீடுகளில் சட்னி ஒன்று மூன்றானது எப்படி என்று யோசித்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதே நூற்றாண்டின் கடைசியில் எக்நாக் மறுபடி நோயாளியின் கட்டிலருகே வந்தது. பாஸ்டனின் ஃபேனி ஃபார்மர் பதினாறு வயதில் பக்கவாதம் வந்து படிப்பை விட்டவர். பின்னர் சமையல் பள்ளியில் சேர்ந்து அதன் தலைமைக்கு உயர்ந்தார். 1896-இல் அவர் எழுதிய சமையல் நூல் விற்கும் என்று பதிப்பகம் நம்பவில்லை. அச்சுச் செலவை அவரே ஏற்றார், 3,000 பிரதிகள். அது பல தலைமுறைகளுக்கு விற்றது. அதில் நோயாளிகளுக்கான பகுதியில் எக்நாக் இருக்கிறது. ஒரே ஒரு முட்டை, ஒரு தம்ளர் அளவு பால், கரண்டிக் கணக்கில் ஒயினோ பிராந்தியோ. 1904-இல் நோயாளிகளின் உணவுக்கென்றே தனி நூல் எழுதினார். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் அதைப் பற்றி உரையாற்றினார். படுக்கையில் கிடந்து பிறர் ஊட்டக் குடித்த ஒருத்தி எழுதியதால் அந்த அளவுகளில் ஒரு கரிசனம் தெரிகிறது எனக்கு.

அதன்பின் தொழிற்சாலைகள். 1900-இல் கராகஸில் எலியோதோரோ கொன்சாலஸ் தன் பெயரைப் பொறித்துப் புட்டியில் விற்கத் தொடங்கிய பொன்சே கிரேமா இன்றும் வெனிசுவேலாவின் கிறிஸ்துமஸ் பானம். அமெரிக்காவில் அட்டைப்பெட்டி எக்நாக்குக்கு அரசு விதி இருக்கிறது. முட்டை மஞ்சளின் திடப்பொருள் 1 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு சதவிகிதம்! கிளாஸின் பதினைந்து முட்டைகளை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் காடில் கொதித்த அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த அறையில் பெண்களைக் கொன்றது பெரும்பாலும் பேறுகாலக் காய்ச்சல். பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறியபிறகு, கை கழுவாத மருத்துவர்களோடு அது வார்டு வார்டாகப் பரவியது. 1847-இல் வியன்னாவில் கை கழுவச் சொன்ன செம்மல்வைஸை நமக்குப் பாடத்திலேயே தெரியும். எந்தக் கிருமி, அதில் எந்த வகை என்பதைப் பிரித்துக் காட்டியவரைத் தெரியாது. ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட். 1918-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்தும் முறை அவருடையது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பிள்ளை பெற்ற பெண்களிடமிருந்து எடுத்த கிருமிகளில் ஆபத்தானவற்றையும் ஆபத்தில்லாதவற்றையும் பிரித்தறியும் ஆய்வை ரோனால்ட் ஹேருடன் சேர்ந்து 1935-இல் வெளியிட்டார். காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஏ வகை. உலகெங்கிலுமிருந்து வந்த கிருமி மாதிரிகளை அடையாளம் கண்டு சொன்னதால் அவருடைய ஆய்வகத்தை ஸ்காட்லாந்து யார்டு என்று அழைத்தார்கள். அதே நிறுவனத்தில் முழுப் பேராசிரியரானது 1958-இல், அப்போது வயது 63. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியில் சேர்த்துக்கொண்டது 1970-இல், 75 வயதில்.

லான்ஸ்ஃபீல்ட் ஆண்டுதோறும் ஆய்வகத்தினருக்காக எக்நாக் செய்தார். ஒரு டஜன் முட்டை, கெட்டி கிரீம் ஒரு குவார்ட், இலேசான கிரீம் ஒரு குவார்ட், போர்பன் விஸ்கி ஒரு குவார்ட், ரம் ஒரு பைன்ட், ருசிக்குச் சர்க்கரை. முட்டையை முதலில் அடித்து, மதுவை மெதுவாகச் சேர்த்து, பிறகு கிரீம். காய்ச்சுவதில்லை, பச்சை முட்டைதான். கிருமிகளோடு வாழ்நாளைக் கழித்தவர் பச்சை முட்டையை ஊரைக் கூட்டி ஊற்றிக் கொடுக்கிறார் என்றால் அதற்குக் கணக்கு இருக்கும். என் கணக்கில் அந்தக் கலவையில் மது சுமார் 14 சதவிகிதம். செய்தவுடன் குடிக்கக் கூடாது, குளிரில் இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். அவர் 1981-இல் இறந்தபிறகும் அந்த ஆய்வகத்தில் வழக்கம் தொடர்ந்தது. பின்வந்தவர்கள் அவருடைய எக்நாக்கில் வேண்டுமென்றே சால்மொனெல்லாக் கிருமியைக் கலந்து சோதித்தார்கள். முதல் சில நாட்கள் கிருமி உயிரோடு இருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் வளரவில்லை. (ஆய்வகத்துச் சோதனை அது. கர்ப்பிணிகளுக்கு மதுவும் பச்சை முட்டையும் வேண்டாம். மற்றவர்களும் பயமிருந்தால் பாலையும் முட்டையையும் சேர்த்து 71 டிகிரி செல்சியஸ் வரை கிளறிக்கொண்டே சூடாக்கிச் செய்யலாம்.)

மூன்று வாரத்தில் மதுவின் காட்டம் அடங்கி, கிரீமும் முட்டையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடுகின்றன. நவம்பர் கடைசியில் அடித்து வைத்தால் கிறிஸ்துமஸுக்குச் சரியாக இருக்கும். ஜாதிக்காயை மட்டும் குடிக்கிற அன்றைக்குத்தான் துருவ வேண்டும்.